பதினொன்றாம் பக்கத்து வரி

மருந்து நிறுவனத்தின் கடிதத்தைக் கையில் கசக்கிப் பிடித்தபடி டாக்டர் வில்லவன் பேராசிரியையின் அறைக்குள் நுழைந்தார். பேராசிரியை சபீனா அவரைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றி அவரிடம் படிக்கத்தான் மாவட்ட மருத்துவமனை வேலையை விட்டு வந்திருந்தார் வில்லவன்.

"மேடம், இது அநியாயம்."

"ஆமாம்."

"அடைக்கலத்துக்கு அடுத்த மாசத்திலிருந்து ஊசி கிடையாதாம். ஆய்வு முடிஞ்சு போச்சாம்!"

அடைக்கலம் லாரி மெக்கானிக். அவர் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவருடைய நரம்புகளை எதிரியாக எண்ணி அரித்துவிட்டது. ஸ்பூனைத் தூக்கக்கூட முடியாமல் படுக்கையாகக் கிடந்தவர், சபீனா நடத்திய மருந்து ஆய்வில் சேர்ந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியை ஏற்றிக்கொண்ட பிறகு எழுந்து நடந்தார். வெளியே விற்கும் வேறு நிறுவனத்து ஊசியை வாங்கிப் போட அவர் குடும்பத்தால் ஆகாது.

"மருந்து பலிக்குதுன்னு நிரூபிச்சது அவர் உடம்பு. அவருக்கே இல்லையா? கம்பெனிக்காரன் வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்!"

சபீனா அலமாரியிலிருந்து, அடைக்கலம் ஆய்வில் சேரும்போது தந்த ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பதினொன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

"இதை அவருக்குப் படிச்சுக் காட்டிட்டு வாங்க."

வார்டில் அடைக்கலம் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். வில்லவன் படித்தார். 'ஆய்வு முடிந்தபின் மருந்து வழங்கப்பட மாட்டாது.'

"அன்னைக்கே படிச்சீங்களே சார். என்னால திருப்ப முடியலன்னு பக்கத்தை நீங்கதான் திருப்புனீங்க."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"வேற என்ன சார் வழி இருந்துச்சு?" அடைக்கலம் நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்துனா மறுபடி படுத்துருவேனா?"

வில்லவன் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியேறினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "இந்த வரியை எழுதினவன் எவன் மேடம்? அவனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"நான்தான் எழுதினேன்."

வில்லவன் படிவத்தை மேசைமேல் வைத்தார்.

"கம்பெனி கேட்டது, எழுதினேன். எல்லா ஆய்விலும் இருக்கிற வரிதானேன்னு நினைச்சேன்."

மேசைமேல் ஆய்வின் முடிவறிக்கை இருந்தது. சபீனாவின் கையெழுத்து இல்லாமல் நிறுவனம் அந்த மருந்தை விற்க அரசிடம் அனுமதி கேட்க முடியாது. சபீனா அதைக் கையெழுத்திடாமல் உறையில் போட்டார். ஆய்வில் இருந்த நாற்பத்திரண்டு பேருக்கும் மருந்து தொடரும்வரை கையெழுத்து கிடையாது என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்து நிறுவனத்துக்கு அனுப்பினார்.

நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். டீன் கூப்பிட்டு எச்சரித்தார். ஊசி தள்ளிப்போக, அடைக்கலத்தின் விரல்கள் மெல்ல மரத்துப்போகத் தொடங்கின. ஐந்தாவது வாரம் பதில் வந்தது. எல்லாருக்கும் ஓராண்டு மருந்து உண்டு. ஆனால் சபீனாவுக்குத் தருவதாக இருந்த அடுத்த ஆய்வு வேறு மருத்துவமனைக்குப் போகிறது.

கடிதத்தைப் படித்த பிறகும் வில்லவனின் கோபம் அடங்கவில்லை.

"மேடம், கேட்காம இருக்க முடியல. அந்த வரியை எழுதினதே நீங்க. எந்தத் தகுதியில அதை எதிர்த்தீங்க?"

"எழுதின தகுதியில" என்றார் சபீனா.