கொள்ளு முளைக்காத ஏழு இடம்

அன்னைக்குக் காட்டுல இருந்தவங்களை முதல்ல சொல்லிடறேன். ராசா ஒருத்தர், அவர் குதிரை ஒண்ணு, செங்கோடன், வள்ளாத்தாள், அவளோட பதினோரு செம்மறி. ஊர்ச்சனம் வேலிக்கு வெளிய நின்னுச்சு, அதை நான் எண்ணல.

மழை குறைச்சலான ஒரு சீமையில வள்ளாத்தாள்னு ஒருத்தி பொழைச்சுட்டு இருந்தா. புருசன் இல்ல. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு மேய்ச்சக்காடு, அது நிறையக் கொழுக்கட்டைப் புல்லு. எத்தனை காய்ஞ்சாலும் ஒரு தூறல் விழுந்தா எந்திரிச்சு நிக்கும், அப்படியாப்பட்ட புல்லு கண்ணுகளா.

பக்கத்துக்காடு செங்கோடனுது. அவன் கொள்ளு விதைச்சான், மழையும் பேஞ்சுது, காடு பூரா முளைச்சுது, ஏழு இடம் மட்டும் மொட்டையாக் கிடந்துச்சு. உடனே ராசாவைக் கூட்டிட்டு வந்துட்டான்.

"இவ கண்ணு பட்டுத்தானுங்க போச்சு. ஈடா இவ காட்டை எனக்குக் குடுத்துருங்க."

ராசா குதிரைக்குப் போற கொள்ளு அது. அவருக்கும் கோவம். "என்ன சொல்றே வள்ளாத்தா?"

"காடு போச்சுன்னா ஆட்டை வித்துட்டு நான் ஊரை விட்டுப் போகணுமுங்க. ஒருக்காப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஒரு மொட்டையைப் பார்த்தா, அடுத்ததைப் பார்த்தா, அதுக்கடுத்ததைப் பார்த்தா. எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். போய் தன் போர்ல இருந்து ஒரு புல்லுக்கட்டைத் தூக்கிட்டு வந்து மொட்டையில வெச்சா. அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துச்சு.

"மழைக்கு முன்னால என் போர்ல ஏழு கட்டு காணாமப் போச்சுங்க ராசா. கொள்ளு மேல என் கண்ணு படல, கட்டு மேல செங்கோடண்ணன் கண்ணு பட்டிருக்கு."

வேலியோரம் சிரிப்பு.

செங்கோடன் சொன்னான், "நான் புல்லைத் தொட்டதே இல்ல. புல்லுக்கும் கொள்ளுக்கும் என்ன பங்காளிச் சண்டையா?"

"சண்டைதானுங்கண்ணா. என் குடிசை இந்தப் புல்லுல வேய்ஞ்சது. கூரைத் தண்ணி சொட்டற இடத்துல கொள்ளு முளைக்கவே முளைக்காது. அது சாறு அப்படி. தன் இடத்தைத் தானே காத்துக்கும்."

ராசா மூணு சட்டி கொண்டாரச் சொன்னார். சட்டிக்கு இருபது கொள்ளு. ஒண்ணுக்கு வெறும் தண்ணி, ஒண்ணுக்கு வைக்கோல் ஊறின தண்ணி, ஒண்ணுக்கு இந்தப் புல்லு ஊறின தண்ணி. மூணு நாள் அங்கயே கூடாரம் போட்டுட்டார்.

முதல் சட்டியில இருபதும் முளைச்சுது. ரெண்டாவதுல பதினெட்டு. மூணாவதுல ரெண்டே ரெண்டு, அதுவும் நோஞ்சான்.

ராசா அந்தப் புல்லைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "வாளும் இல்ல, வேலியும் இல்ல. எப்படி எல்லை காக்குது பாரு," அப்படின்னார். அப்புறம் திரும்பி, "செங்கோடா, கட்டை ஏன்டா நடுக்காட்டுல வெச்சே?"

"விதைச்ச காட்டுல முளைக்கிற வரைக்கும் யாரும் கால் வெக்க மாட்டாங்க, அதனால ஒளிச்சேனுங்க. எடுக்கறதுக்குள்ள மழை வந்துருச்சு."

"ஏழு கட்டு தின்ன இடம் ஏழும் இனி அவ ஆட்டுக்கு."

கட்டுல இருந்து உதிர்ந்த விதை சும்மா இருக்குமா? அடுத்த மழைக்கு ஏழு இடத்துலயும் புல்லு எந்திரிச்சு நின்னுச்சு. வள்ளாத்தாள் ஆடு அவன் காட்டுக்குள்ளயே போய் மேய்ஞ்சுது, அவன்தான் படலைத் திறந்து விடணும்.

திருடினது திருடினவன் காட்டுலயே முளைக்கும், தெரிஞ்சுக்குங்க.

சட்டியா? ராசா பேசிட்டு இருந்தப்பவே குதிரை வந்து முளைச்சதை எல்லாம் தின்னுருச்சு. அறுபதுல மீதி இருபது.