சந்தை முக்கின் சிவப்புப் புள்ளிகள்

நடந்து போனவர்களும் சைக்கிளில் போனவர்களும் அடிபட்ட இடங்களை, சாலைத் துறை வாங்கிய புது மென்பொருள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும். துறை ஆபீஸ் வாசலிலேயே இருக்கும் சந்தை முக்கு முழுக்கச் சிவப்பு. தலைமைப் பொறியாளர் ஞானவரதனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாளைக்கு மந்திரி வர்றார். இங்கே ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது” என்றார், தற்காலிக ஊழியர் ரெஜினாவிடம்.

“அழிச்சிட்டேன் சார். இந்த முக்குல ஆபத்தே இல்லேன்னு இப்ப காட்டுது. அதனால நிகழ்ச்சி நிரல்ல ஒண்ணு சேர்த்திருக்கேன். மந்திரி கையைப் பிடிச்சு நீங்களே ரோட்டைக் கடந்து காட்டுறீங்க.”

ஞானவரதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கே காரில் சுற்றிக்கொண்டு போகிறவர் அவர்.

“புள்ளியெல்லாம் திரும்பப் போட்டுடும்மா. இந்த முக்குக்கு சிக்னல் கேட்டு ஒரு கடிதமும் எழுது.”

“எழுதிட்டேன் சார். உங்க கையெழுத்துதான் பாக்கி.”