அந்திக்கு யாரைக் கூப்பிட்டார்கள்?

ஆற்றங்கரை நீர்நாய்க் கூட்டத்தில் அநியாயம் நடந்தது சுழலிக்கு. நீர்ப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவள் அவள். ஆனால் மடுவின் காவல் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதே காலையில் அவள் தம்பி துள்ளனுக்கும் ஓர் அநியாயம் நடந்தது. மீன் திருடியதற்காக அவனை அருவிக்குக் கீழே, முதலைகள் கிடக்கும் கசத்துக்குத் துரத்திவிடத் தீர்ப்பாயிற்று. இரண்டு தீர்ப்பையும் சொன்னது ஒரே அலகுதான். நாரை நெடுங்காலாருடைய அலகு.

நெடுங்காலார் பல ஆறுகளைப் பார்த்தவர் என்று பேர். அதனால் அந்தக் கரையில் வழக்கு எதுவானாலும் அவரிடம்தான் போகும்.

அந்த மடுவைக் காக்கக் காரணம் இருந்தது. கோடையில் ஆறு வற்றும்போது சினை மீன்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். மழை வந்து அவை முட்டையிடும்வரை அங்கே யாரும் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த வருடம் கூட்டமே பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதற்காக ஒரு காவல். காவலுக்கு ஒரு பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு மிதக்க வேண்டும். நெருங்கி வருவது வலையா, முதலையா, வெள்ளமா என்று நீரின் அசைவை வைத்தே சொல்ல வேண்டும்.

சுழலி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கடைசியாக ஏதோ மிதந்து வந்தபோது, "மருதங்கிளை. மேலே ஒரு தவளை உட்கார்ந்திருக்கு" என்றாள். தவளை திடுக்கிட்டுத் தண்ணீருக்குள் குதித்தது. கரையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

நெடுங்காலார் மட்டும் ஒற்றைக் காலில் அசையாமல் நின்றார்.

"பெண் குட்டிகள் பரீட்சையில் தேறுவது அறிவினால் அல்ல. அடங்கிக் கிடக்கும் சுபாவத்தினால். காவலுக்குத் துணிச்சல் வேண்டும். அது ஆணுக்கே உரியது. ஆகவே காவல் கட்டையனுக்கு."

கட்டையன் பரீட்சையின் பாதியிலேயே தூங்கிப்போனவன்.

"அடுத்து, துள்ளன். திருட்டு ஆண் குட்டிகளின் இரத்தத்திலேயே இருக்கிறது. அதைத் திருத்த முடியாது. அவன் கசத்துக்குப் போகட்டும்."

சுழலிக்கு உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். ஆண் இரத்தத்துலயே திருட்டு இருக்குன்னா, மடுவை எதுக்குக் கட்டையன்கிட்ட கொடுக்கிறீங்க?"

கரை முழுக்கச் சிரிப்பு. கட்டையனுக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது. "நான் என்ன பண்ணேன்?" என்றான்.

"சுழலி, வாயை மூடு" என்று அம்மா அதட்டினாள்.

"நான் மூடிட்டா தம்பி கசத்துக்குப் போயிடுவான்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தி சாய்ந்ததும் தாய்மார் தங்கள் பெண் குட்டிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கே இருந்தாலும் குரல் கொடுத்துக்கொண்டு நாணல் புதருக்குள் வந்துவிட வேண்டும். ஆண் குட்டிகளை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆம்பளைப் பிள்ளை, எங்கேயாவது சுற்றிவிட்டு வரும் என்று விட்டுவிடுவார்கள். சுழலிக்கு அந்தக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வரும். அருவியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. நாணலுக்குள் உட்கார்ந்து அம்மா சொல்லும் நீர்ப் பாடத்தைக் கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. சரி, கேட்பதென்று ஆனபிறகு அரைகுறையாகக் கேட்பானேன் என்று ஒவ்வொரு நீரோட்டத்தையும் உடம்பில் ஏற்றிக்கொண்டாள். அந்த உழைப்புக்குத்தான் இன்றைக்குச் சுபாவம் என்று பேர் வைக்கிறார்கள்!

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், ஏன்டா திருடினே? மறைக்காமச் சொல்லு."

துள்ளன் வாலைச் சுருட்டிக்கொண்டான். "அந்திக்கு நீ உள்ளே போயிட்டே. என்னை யாரும் கூப்பிடல. பசங்க வந்து, மடுவுக்கு வர்றியா, இல்ல உங்கக்கா மாதிரி நாணலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறியான்னு கேட்டாங்க. போகலன்னா தினமும் கேலி பண்ணுவாங்க. போனேன்."

"கேட்டீங்களா ஐயா?"

"கேட்டேன். சாக்கு" என்றார் நெடுங்காலார். "இரத்தம் இல்லையென்றால், பெண் ஏன் ஒருத்திகூடத் திருடவில்லை?"

சுழலி பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஒரு மெலிந்த குட்டி முன்னால் வந்தாள். பாசி. தாயில்லாப் பிள்ளை.

"நான் திருடியிருக்கேன் ஐயா. நீங்களே பார்த்தீங்க. என் வாயில மடு மீன் இருந்துச்சு."

"ஆமாம், பார்த்தேன். தம்பிகளுக்கு எடுத்துப் போனாய், பாவம்."

"எனக்குத் தம்பியே கிடையாது ஐயா. நான்தான் தின்னேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெடுங்காலார் தூக்கி வைத்திருந்த காலைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான், சுழலிக்குப் புரிந்துவிட்டது. "பாசியை அந்திக்குக் கூப்பிட ஆள் இல்ல. அவளும் வெளியே சுத்தினா, திருடினா. நீங்க பையன் வாயில மீனைப் பார்த்தா திருடன்னு சொல்றீங்க. பொண்ணு வாயில பார்த்தா பாவம்னு சொல்றீங்க. அப்புறம் எண்ணிப் பார்த்தா திருடன் எல்லாம் பையனாத்தானே இருப்பான்?"

"ஒரு பாசியை வைத்து..."

"ஒருத்தி போதாதா? அயிரை அத்தை, உங்களுக்கு எல்லாமே பையன்தானே?"

அயிரை அத்தை மீசையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. பொண்ணு இல்லாத ஏக்கத்துல அவனுங்களையே அந்திக்குக் கூப்பிட்டேன். ஊரே சிரிச்சுது."

"அவங்க யாராவது மடுப் பக்கம் போனாங்களா?"

"எங்கே போக விட்டேன்? பரீட்சையில உனக்கு அடுத்தபடி வந்தவன் என் சின்னவன்தான், மறந்துட்டியா?"

தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை அந்திகளிலும் அவர்கள் வாயில் வராத பேர்கள் எல்லாம் அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முதலில் எழுந்தது சுழலியின் அம்மா. நேரே போய்த் துள்ளனை ஒட்டி நின்றாள்.

"என் பையனைக் கசத்துக்கு அனுப்பணும்னா என்னையும் சேர்த்து அனுப்புங்க. அவனை விட்டுட்டது நான்."

மற்ற தாய்மாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை.

நெடுங்காலார் கெட்டிக்காரர். எங்கே பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவர். துள்ளனும் பாசியும் மழை வரும்வரை மடுவின் கரைக்குக் கல் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பை மாற்றினார். காவல் வேலை சுழலிக்கு என்றும் சொன்னார். கட்டையன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

ஆனாலும் அவருக்குத் தோற்க மனம் வரவில்லை. கழுத்தை நீட்டிக் கேட்டார்: "அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறவியிலேயே வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்கிறாயா?"

சுழலி நீரில் இறங்கினாள். காவல் பாறைக்குப் போகும் வழியில் ஒருமுறை திரும்பி நிதானமாகப் பதில் சொன்னாள்:

"இருக்கலாம் ஐயா. ஆனா ஒரு பிள்ளையைப் பூட்டி வளர்த்து அதை அடக்கம்னும், இன்னொரு பிள்ளையைக் கேட்பாரில்லாம விட்டுட்டு அதைத் திருட்டுப் புத்தின்னும் சொல்றவங்க, பிறப்பு மேல பழி போடுறதுக்கு முன்னாடி வளர்ப்பைத் திரும்பிப் பார்க்கணும்."