நரி போட்ட கழித்தல்

ஒரு காட்டில், ஓடைக்கரை ஓரமாக, முள்ளி என்ற முள்ளம்பன்றி மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. குழந்தைகளே, அதற்கு எப்போதும் கவலைதான். மழை வந்தால் குட்டிகள் பட்டினி கிடக்குமே என்று, மூக்கு தேய மண்ணைக் கிளறி இருபது கிழங்குகள் சேர்த்து வைத்திருந்தது.

பக்கத்தில் ஒரு நரி. அது உழைக்காது, பேசும்.

"அக்கா, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மழைக்கு முன் திருப்பித் தருகிறேன்" என்று எட்டுக் கிழங்கு வாங்கிப் போனது. பிறகு அதே முகத்தோடு வந்து இன்னும் ஐந்து வாங்கியது.

மேகம் கறுத்தது. முள்ளி போய்க் கேட்டது. நரி மூன்று கிழங்கை நீட்டியது.

"மீதி எங்கே, தம்பி?"

"மீதி ஏது? எட்டில் ஐந்து போனால் மூன்று. இருபதில் அந்த மூன்றைக் கழித்தால், உன் வளையில் பதினேழு இருக்க வேண்டும்."

"ஏழுதானே இருக்கிறது."

"எலி தின்றிருக்கும்."

முள்ளிக்கு முட்களெல்லாம் சிலிர்த்தன. நேராகக் கரடியிடம் போனது. அந்தக் காட்டுக்குக் கரடிதான் நாட்டாமை. ஆனால் எந்த வழக்கையும் சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கப் பார்க்கும்.

கரடி கூப்பிட்டதும் வந்த நரி, கூடியிருந்த விலங்குகள் முன்னால் நெல்லிக்காய்களை இரண்டு, மூன்று, நான்கு என்று குவித்தது. "முன்னிரண்டு குவியலை முதலில் சேர்த்தாலும் மொத்தம் ஒன்பது. பின்னிரண்டை முதலில் சேர்த்தாலும் ஒன்பது. நானும் பின்னிரண்டை முதலில் முடித்தேன். அதில் என்ன தப்பு?"

"அது சேர்க்கிற கணக்கு. இது எடுத்த கணக்கு" என்றது முள்ளி.

"எல்லாம் கணக்குதான். இனி இதுவே சட்டம்" என்று கரடி கொட்டாவி விட்டது.

முள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது. நேராக நரியின் குழிக்குப் போனது. அங்கே நரி பதினெட்டு நண்டுகளை அடைத்து வைத்திருந்தது. முள்ளி ஒன்பது நண்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி ஓடையில் விட்டது. திரும்பி வந்து மேலும் ஒன்பதை விட்டது. தடுக்க வந்த நரி, விரிந்த முட்களைப் பார்த்து விலகிக் கரடியிடம் ஓடியது.

"என் நண்டு அத்தனையும் போச்சு, நாட்டாமை."

"நான் ஒன்றும் எடுக்கவில்லையே" என்றது பின்னாலேயே வந்த முள்ளி. "முதலில் ஒன்பது, பிறகு ஒன்பது. பின்னிரண்டை முதலில் முடிப்போம். ஒன்பதில் ஒன்பது போனால் ஒன்றுமில்லை. உன் பதினெட்டு நண்டும் குழியில் இருக்கும், போய்ப் பார்."

"இது அநியாயம்" என்று நரி கத்தியது. "முதலில் எடுத்ததைக் கழித்து, அந்த மீதியில்தான் அடுத்ததைக் கழிக்க வேண்டும்."

கரடி அன்றுதான் கண்ணை முழுதாகத் திறந்தது.

"அப்படியே கழி, தம்பி. இருபதில் எட்டு போனால்?"

"பன்னிரண்டு."

"அதில் ஐந்து?"

"ஏழு" என்றது நரி, தரையைப் பார்த்தபடி.

"அப்படியானால் நீ வாங்கியது பதின்மூன்று, கொடுத்தது மூன்று. தர வேண்டியது இன்னும் பத்துக் கிழங்கு."

"என் நண்டு?"

"ஓடையில்தான் இருக்கின்றன. பிடித்துக்கொள்."

கிழங்குகளை நரி எப்போதோ தின்று தீர்த்திருந்தது. கரடி பார்த்துக்கொண்டிருக்க, கொட்டும் மழையில் மண்ணைத் தோண்டித் தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தது. முள்ளி வளை வாசலில் நின்று வாங்கி வாங்கிக் குட்டிகளுக்குத் தள்ளியது. கடைசிக் கிழங்கு வந்த பிறகும் அதன் முட்கள் படியவில்லை.

நீதி: கூட்டலுக்குச் செல்லும் விதி கழித்தலுக்குச் செல்லாது, செல்லும் என்று சாதிப்பவனை நம்பாதே.