மஞ்சப் பெயிண்ட் வெச்ச போல்ட்டு

“என்னையக் கேட்டா? கிழிஞ்சது நானுங்களா? புஷ்ஷுதான கிழிஞ்சது. அதையக் கேளுங்க.”

மேஸ்திரி சேசுராஜ் அந்தப் புஷ்ஷை நாச்சிமுத்துவோட உள்ளங்கையில வெச்சாரு. நடுவுல இரும்புக் குழாய், அதைச் சுத்தி ரப்பர். போட்டு ரெண்டு மாசங்கூட ஆகல. ரப்பர் வாயைப் பொளந்துட்டுக் கெடந்துச்சு.

நாச்சிமுத்து திருப்பித் திருப்பிப் பாத்தாரு. புஷ்ஷு ஒண்ணும் சொல்லல.

மேஸ்திரிக்கு முப்பத்திநாலு வயசு. சிஷ்யருக்கு அம்பத்தொண்ணு. இருவத்திரண்டு வருசம் லாரி ஓட்டிட்டு, கண்ணு மங்குதுன்னு டாக்டர் ஸ்டியரிங்கை விடச் சொன்னதுக்கப்புறம், தாராபுரத்துல இந்தப் பட்டறைக்கு வேலை கத்துக்க வந்தவரு நாச்சிமுத்து. வந்து ரெண்டு வருசம் ஆச்சு. இவரு அவரை ‘மேஸ்திரி’ம்பாரு, அவரு இவரை ‘அண்ணா’ம்பாரு. மேஸ்திரி திட்டறப்பவும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவாரு. அதனால திட்டு முடிஞ்சு ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் நாச்சிமுத்துவுக்கு உறைக்கும்.

“மூணாவது தடவைங்க,” அப்படின்னு ஒரு குரல் வந்துச்சு.

கோழி வண்டிக்காரி தெய்வாத்தா. பழைய பிக்கப்புக்கு அவதான் ஓனர், அவதான் டிரைவர். பண்ணையிலிருந்து கோழி ஏத்திக் கடை கடையாப் போடறது பொழப்பு. பட்டறை வாசல்ல ஒரு காலிக் கோழிக்கூண்டைக் கவுத்துப்போட்டு அது மேல உக்காந்திருந்தா.

“தை மாசம் மாத்துனீங்க. பங்குனியில மாத்துனீங்க. இது வைகாசி. தீபாவளிக்குத் துணி எடுக்கறதே எங்கூட்ல வருசத்துக்கு ஒருக்காத்தான்.”

“ரோடு அப்பிடிங்கக்கா,” அப்படின்னாரு நாச்சிமுத்து.

“ரோடு எல்லாத்துக்குந்தான் இருக்குது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கடக்கு கடக்குன்னா, பின்னாடி இருக்கற கோழியெல்லாம் தலையை நீட்டி என்னைப் பாக்குது. நான் என்ன பதில் சொல்லறது?”

“நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டுனீங்கன்னா...”

“அண்ணா,” அப்படின்னாரு மேஸ்திரி. “ரோட்டைச் சொல்லிட்டீங்க, டிரைவரைச் சொல்லிட்டீங்க. கோழி மேல ஏதாச்சும் இருந்தா அதையுஞ் சொல்லிருங்க. ஒட்டுக்கா முடிச்சுக்கலாம்.”

நாச்சிமுத்துவுக்குக் காது சூடாச்சு.

கெரகம், அவரும் சும்மா இருக்கல. தடவைக்கு ஒரு கம்பெனி மாத்திப் பாத்தாரு. மொதல்ல தாராபுரத்துக் கடையில வாங்குனாரு. அது டூப்ளிகேட்டுன்னு, ரெண்டாவதைத் திருப்பூர்ல வாங்குனாரு. இப்ப மூணாவதுக்குக் கோயமுத்தூர் வரைக்கும் பஸ்ல போய், பொட்டியோட, சீலோட வாங்கிட்டு வந்திருந்தாரு. பொட்டியை மேஸ்திரி கண்ணுல படற மாதிரி பெஞ்சு மேல வெச்சாரு. மேஸ்திரி பொட்டியைத் தள்ளி வெச்சுட்டு அந்த எடத்துல டீ கிளாஸை வெச்சாரு.

வெறும் புஷ்ஷா இருந்தா நாச்சிமுத்துவுக்கு இவ்வளவு எரிச்சல் வராது. ஆவணி மொதத் தேதி மூலனூர் ரோட்டுல அவரு சொந்தமா ஷெட்டு போடறாரு. போர்டு எழுதி மாட்டியாச்சு. அழைப்பு அடிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அந்தப் பட்டறையில ஒரு பழக்கம். சிஷ்யன் தனியாப் போனா, புது ஷெட்டுல மொத வண்டியோட மொத போல்ட்டை மேஸ்திரி வந்து முறுக்கிக் கொடுக்கோணும். மேஸ்திரி வர ஒத்துக்காத ஷெட்டுக்கு அந்த வட்டாரத்துல ஒரு டிரைவரும் வண்டியைத் திருப்ப மாட்டான்.

சித்திரையிலிருந்து நாச்சிமுத்து கேட்டுட்டே இருக்காரு. மேஸ்திரி ஒரே பதிலைச் சொல்லிட்டே இருக்காரு.

“பாக்கலாங்க.”

அந்தப் ‘பாக்கலாங்க’வைத் தூக்கிக் கெணத்துல போட்டா என்னன்னு இருக்கும் நாச்சிமுத்துவுக்கு.

அவரு பிக்கப்போட முன்பக்கத்தைக் காலையிலயே ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தாரு. ஸ்டாண்டுல நிறுத்தியிருந்தாரு. ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, கிழிஞ்ச புஷ்ஷுல ஒண்ணை எடுத்து மேஸ்திரிகிட்டக் காட்டியிருந்தாரு. சக்கரத்தைத் தாங்கற கை மாதிரி ஒரு இரும்பு, அதுக்குப் பேரே ஆர்ம்தான். பள்ளத்துல எறங்கி மேட்டுல ஏறறப்ப அந்தக் கை மேலயும் கீழயும் ஆடும். அது வண்டியோட சேஸிச் சட்டத்துல சேர்ற மூட்டுலதான் புஷ்ஷு. இப்ப மிச்ச ஆர்மையும் எறக்கி, மிச்சமிருந்த கிழிஞ்ச புஷ்ஷையும் பிரஸ்ஸுல வெச்சு வெளியில தள்ளி, உள்வாயைத் தொடச்சு, புதுசைக் கோணாம நேரா உள்ள அழுத்துனாரு. வேலை சுத்தம். தெய்வாத்தாவே எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்தா.

மேஸ்திரி ஒரு பழைய டயர் மேல உக்காந்து டீ குடிச்சாரு. பாத்துட்டே இருந்தாரு. வாயைத் தொறக்கல.

நாச்சிமுத்து ஆர்மைத் தூக்கி மாட்டி, போல்ட்டைக் கோத்தாரு. ஸ்பேனர்ல ஒரு நீளமான பைப்பைச் சொருகி, காலை ஊணி, மூச்சைப் புடிச்சு முறுக்குனாரு. போல்ட்டு முனகுச்சு. இன்னொரு கால் சுத்து முறுக்குனாரு. கடைசியில சின்னப் பிரஷ்ஷை எடுத்து நட்டு மேல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்தாரு.

அவரு கை வெச்ச போல்ட்டுக்கெல்லாம் மஞ்சக் கோடு உண்டு. லூசா ஒரு போல்ட்டை ஒரு நிமிசங்கூட விட மாட்டாரு. அதுக்குக் காரணம் இருக்குது. லாரி ஓட்டுன காலத்துல ஒரு தடவை, தொப்பூர் எறக்கத்துல சக்கரத்து நட்டு லூசாகிக் கழண்டு போச்சு. என்ன சத்தம்னு இவரு யோசிக்கறதுக்குள்ள, சக்கரம் இவரை முந்திட்டுப் போச்சு. சொந்தச் சக்கரத்தைக் கண்ணாடி வழியா முன்னால பாத்தவனுக்கு அதுக்கப்புறம் லூசுங்கற வார்த்தையே ஆகாது.

“முடிஞ்சுதுங்களா?” மேஸ்திரி கேட்டாரு.

“முடிஞ்சுது. இனி எந்தக் கொம்பனாலயும் அசைக்க முடியாதுங்க.”

“அதுதான் எனக்கும் பயமா இருக்குது.”

நாச்சிமுத்து ஸ்பேனரைக் கீழ போட்டாரு. வெச்சாருன்னு சொல்ல முடியாது, போட்டாருதான்.

“மேஸ்திரி, ரெண்டு வருசமா உங்ககிட்ட இருக்கறனுங்க. நேராக் கேக்கறேன். என்ற வேலையில எங்க தப்பு? வாயைத் தொறந்து சொன்னாத்தான் என்னங்க, முத்தா கொட்டிப்போகும்?”

“அப்பிடிக் கேளுண்ணா,” அப்படின்னா தெய்வாத்தா. “நானும் தை மாசத்திலிருந்து அதையத்தான் கேக்கலாம்னு இருக்கேன்.”

மேஸ்திரி கிளாஸைக் கீழ வெச்சாரு. ஷெட்டுக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல, நெஞ்சு உயரத்துக்கு ஒரு குறுக்குப் பைப்பு இருந்துச்சு.

“இதைப் புடிங்க.”

“எதுக்குங்க?”

“கேட்டீங்களே, சொல்லறேன். புடிங்க. முழங்கை கீழ தொங்கட்டும். ஆங், அப்பிடித்தான். இப்ப கெட்டியாப் புடிங்க. உங்க புடி எனக்குத் தெரியும், அந்தப் புடி.”

நாச்சிமுத்து புடிச்சாரு. நரம்பு எந்திரிச்சு நின்னுச்சு.

“புடி ஒரு நூல்கூட நழுவக்கூடாது. நழுவாம, முழங்கையை மேல தூக்குங்க. தோளு உயரத்துக்கு.”

தூக்குனாரு. மணிக்கட்டு வளைஞ்சு, உள்ளங்கைத் தோலு பைப்போட ஒட்டிட்டு இழுத்துச்சு.

“அப்பிடியே நில்லுங்க,” அப்படின்னுட்டு மேஸ்திரி போய் டீயை எடுத்துட்டாரு.

ஒரு நிமிசம் ஆச்சு. ரெண்டு ஆச்சு. பட்டறை வாசல்ல போன ஒரு மொபெட்டுக்காரன் வேகத்தைக் கொறச்சுப் பாத்துட்டுப் போனான்.

“என்னண்ணா, பஸ்ல நிக்கறீங்களா?” தெய்வாத்தா கேட்டா. “ஸ்டாப்பிங் வந்தாச் சொல்லறேன்.”

நாச்சிமுத்து பல்லைக் கடிச்சாரு. அம்பத்தொரு வயசுல, ஊரு பாக்க, ஒரு பைப்பைப் புடிச்சுட்டு நிக்கறோமேன்னு இருந்துச்சு.

“மேஸ்திரி. வலிக்குதுங்க.”

“எங்க?”

“மணிக்கட்டுல. பிச்சுட்டுப் போகுது.”

மேஸ்திரி எந்திரிச்சு வந்தாரு. பைப்பை மேலயும் கீழயும் பாத்தாரு. தட்டிப் பாத்தாரு.

“பைப்பு எந்தக் கம்பெனின்னு தெரியலீங்களே. டூப்ளிகேட்டா இருக்குமோ? கோயமுத்தூர்ல வேற வாங்கி மாத்திப் பாக்கலாமா?”

தெய்வாத்தா வாயைப் பொத்திட்டா.

நாச்சிமுத்து சிரிக்கல. வலி உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு. “பைப்பு என்னங்க பண்ணும்? புடிச்சது ஒரு எடத்துல, நிக்கறது வேற எடத்துல. சித்த விட்டுப் புடிச்சா...”

சொல்லிட்டு நிறுத்திட்டாரு.

மேஸ்திரி டீயைப் பாத்தாரு. “விடுங்க. யாரு வேண்டாம்னா?”

நாச்சிமுத்து புடியை ஒரு நூல் தளர்த்துனாரு. முழங்கை தோளு உயரத்துலயே இருக்க, மணிக்கட்டு தானா நேராச்சு. மறுபடி புடிச்சாரு. அதே கை, அதே பைப்பு, அதே கெட்டி. வலி இல்ல.

அவரு மெதுவாத் திரும்பி வண்டியைப் பாத்தாரு. முன்பக்கம் அந்தரத்துல இருந்துச்சு. சக்கரம் இல்லாத ரெண்டு ஆர்மும் தரையைப் பாத்துத் தொங்கிட்டிருந்துச்சு, அவரோட முழங்கை தொங்குன மாதிரியே. தொங்கறப்பவே முறுக்கிட்டு வண்டியைத் தரையில எறக்குனா, ஆர்மு மேல போகும், புஷ்ஷு ரப்பர் அவரோட உள்ளங்கைத் தோலு மாதிரியே இழுபட்டுக் கெடக்கும். அந்தத் தொங்கலுக்கு மஞ்சப் பெயிண்ட் வேற அடிச்சு வெச்சிருந்தாரு.

தையில அப்பிடித்தான். பங்குனியிலயும் அப்பிடித்தான்.

நாச்சிமுத்து சக்கரங்களை மாட்டுனாரு. ஸ்டாண்டை எடுத்து, ஜாக்கியை எறக்கி, வண்டியைத் தரையில விட்டாரு. வாசல்ல எறக்கி வெச்சிருந்த காலிக்கூண்டு எல்லாத்தையும் பின்னாடி ஏத்துனாரு.

“அக்கா, டிரைவர் சீட்டுல ஏறி உக்காருங்க.”

“என்னத்துக்கு? என்ற எடையைச் சோதிக்கறீங்களா?”

“ஆமாங்க.”

“சொல்லறாரு பாரு, கூச்சமே இல்லாம,” அப்படின்னுட்டே ஏறுனா. வண்டி ஒரு விரக்கடை தாழ்ந்துச்சு. நாச்சிமுத்து பம்பரை நாலு தடவை அமுக்கி ஆட்டி விட்டாரு. ஆடி ஆடி, வண்டி அதுக்குன்னு இருக்கற எடத்துல நின்னுச்சு.

அப்புறம் முதுகைத் தேச்சுட்டு அடியில போனாரு. மஞ்சக் கோட்டு மேல ஸ்பேனரைப் போட்டு, வாழ்க்கையில மொத தடவையா, தான் முறுக்குன போல்ட்டைத் தானே லூசு பண்ணுனாரு.

டொக்.

ரொம்ப நேரமா அடக்கி வெச்சிருந்த மூச்சை விட்ட மாதிரி ஒரு சத்தம். அடுத்ததை லூசு பண்ணுனாரு. அதுவும் டொக். கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணும் அப்பிடியே சொல்லுச்சு. அடியில படுத்துட்டே நாச்சிமுத்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டாரு. அப்புறம் வண்டி நின்ன நெலையிலயே எல்லாத்தையும் மறுபடி முறுக்குனாரு.

வெளியில வந்தப்ப மேஸ்திரி அதே டயர் மேலதான் உக்காந்திருந்தாரு.

நாச்சிமுத்து கையைத் துணியில தொடச்சாரு. மணிக்கட்டு இன்னும் விண்ணு விண்ணுன்னுச்சு. அதுக்காக விட்டுட முடியுமா? நெருங்கி வந்து நின்னாரு.

“மேஸ்திரி. ஆவணி மொதத் தேதி...”

“போர்டு மாட்டியாச்சுங்களா?”

“மாட்டியாச்சுங்க.”

“போல்ட்டு போட்டா?”

நாச்சிமுத்து கொஞ்சம் தயங்குனாரு. “வெல்டிங் வெச்சுட்டனுங்க.”

மேஸ்திரி கண்ணை மூடித் தொறந்தாரு.

“போர்டுல என்ன எழுதியிருக்குது?”

“எல்லா வண்டியும் பாக்கப்படும்னு எழுதியிருக்குதுங்க. லாரி, பஸ், பிக்கப்பு, டிராக்டர், ஜே.சி.பி. இருவத்திநாலு மணி நேரமும்.”

“அழைப்புல?”

“அதுலயும் அதேதானுங்க. உங்க பேரும் போட்டிருக்கேன். நீங்க வர்றீங்கன்னு.”

“நான் வர்றேன்னு எப்பச் சொன்னேன்?”

“சொல்லுவீங்கன்னு போட்டேன்.”

தெய்வாத்தா ஜன்னல் வழியாத் தலையை நீட்டிக் கேட்டுட்டிருந்தா, அவ சொன்ன கோழி மாதிரியே.

“அந்த ஷெட்டுல ஒரு வண்டியாச்சும் வந்து நின்னிருக்குதுங்களா?” மேஸ்திரி கேட்டாரு.

“இன்னும் இல்லீங்க. தொறக்கவே இல்லீங்களே.”

மேஸ்திரி கிளாஸ்ல மிச்சமிருந்த டீயை மண்ணுல ஊத்துனாரு. எந்திரிச்சு, வேட்டியைத் தட்டி விட்டுட்டாரு.

“அந்தரத்துல தொங்கறப்பவே எல்லாத்தையும் முறுக்கிட்டீங்களே. மொதல்ல ஒரு வண்டி வந்து நிக்கட்டும். நின்னப்புறம் ஆளு அனுப்புங்க. நானே வந்து முறுக்கறேன்.”

நாச்சிமுத்து பதில் சொல்ல வாயெடுத்தாரு. கை பாட்டுக்கு மஞ்சப் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்திருந்துச்சு. அதைப் பாத்தாரு. டப்பாவுக்குள்ள திருப்பி வெச்சாரு.

ஹாரன் சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு.

“ஏனுங்க நாச்சிமுத்தண்ணா! ஓட்டிப் பாக்க வர்றீங்களா, இல்ல இன்னொருக்காப் பைப்பைப் புடிக்கறீங்களா?”

“வர்றனுங்க,” அப்படின்னுட்டு அவரு போய் வண்டியில ஏறுனாரு.