வேலந்தழையும் வெள்ளாட்டின் வயிறும்

ஆடும் மாடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மாடத்தி என்றொருத்தி வெள்ளாடு மேய்த்து வந்தாள். மூன்று வருடம் மழை பொய்த்தது. நாற்பது ஆட்டில் மிஞ்சியது பதினொன்று. காட்டில் வேலமரம் மட்டும் பச்சையாக நின்றது. அதன் தழையைத் தின்ற இரண்டு கிடாக்கள் வயிறு கட்டிச் செத்துப் போயின.

கருப்பி என்ற சினையாட்டைக் கூட்டிக்கொண்டு அவள் கண்மாயில் தண்ணீர் தேடினாள். ஒரு கை அகலத்துக்குச் சேறுதான் இருந்தது. அதற்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஆள் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன உசுருக நாங்க. நாளைக்கு இந்தச் சேறும் காஞ்சிரும். ஆட்டு வயித்துல இடம் குடுங்க. வேலந்தழையில இருக்கற நஞ்சு எங்களுக்குச் சோறு. ஆனா வயித்துக்குள்ள எது வந்தாலும் முதல்ல நாங்கதான் தொடுவோம்."

"மருந்தையுமா?" என்றாள் மாடத்தி.

"எது மருந்து, எது நஞ்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

மாடத்தி தயங்கினாள்.

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்குட்டி செத்துரும், ஆத்தா" என்ற கருப்பி, குனிந்து சேற்றை நக்கி விழுங்கிவிட்டது.

அன்றே வேலந்தழையைக் கடித்தது. மாடத்தி அதன் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கடமுடா என்று சத்தம். பொழுது சாயும்போது கருப்பி நிம்மதியாக அசைபோட்டது. பத்தாம் நாள் குட்டி ஈன்றது.

அடுத்த மாதம் கருப்பிக்குக் காய்ச்சல் கண்டது. எப்போதும் ஒரு வேளை புகட்டினாலே காய்ச்சலுக்குக் கேட்கும் நிலவேம்புச் சாறு இந்த முறை கேட்கவில்லை.

"அடப் பாவிகளா, மருந்தையும் தின்னுட்டீகளே!" என்று அவள் ஆட்டின் வயிற்றைப் பார்த்துக் கத்தினாள்.

"சொல்லிட்டுத்தானே வந்தோம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

சாற்றை இரு மடங்காக்கிப் புகட்டினாள். காய்ச்சல் இறங்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் குட்டி தாயின் வாயை நக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சின்ன உயிர்கள் குட்டியின் வயிற்றுக்கும் போய்விடும் என்று அவள் அதை இழுக்கக் கை நீட்டினாள். சுற்றிலும் வேலந்தழை தவிர ஒரு புல் இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், குட்டி தாயின் வாயை நக்குவதும், வெள்ளாடு வேலந்தழையைத் தின்று செரிப்பதும், ஒரே மருந்து ஒரு வயிற்றில் கேட்டு இன்னொரு வயிற்றில் கேட்காமல் போவதும்.