கடைசி எண் பூஜ்யம்

காலை ஆறு நாற்பது; பையில் இரண்டு டிரைவர்கள்; பையைத் தோளில் மாட்டியிருந்தவர் ஜெனோவா. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் அன்று தட்டெறிப் போட்டி. சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் தட்டை வீசிச் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கு வெற்றி. மாவட்ட அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு ஜெனோவா முயல்வது இது மூன்றாவது முறை.

தொலைவுக்கு வீசுகிற தட்டுக்கு டிரைவர் என்று பெயர். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு டிரைவர்தான். தொடங்கும் முன் நடுவரிடம் காட்டிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

கடைசிக் கூடையை நினைத்துத்தான் எல்லோரும் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு வரிசை சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒடுக்கமான பாதை. இடப்பக்கம் குளம், வலப்பக்கம் பள்ளம். வலக்கையால் வீசிய தட்டு, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். அதிகம் சாய்ந்தால் குளம்தான்.

பைக்குள் கறுப்புத் தட்டு பேசியது. அது புதியது. முகத்தில் நான்கு எண்கள் பளிச்சென்று இருந்தன. முதல் எண் வேகம், பதின்மூன்று. கடைசி எண் சாய்வு, பூஜ்யம்.

"உன் கடைசி எண் என்ன?" என்று பக்கத்திலிருந்த சிவப்பைக் கேட்டது.

"மூன்று."

"மூன்றா! குளத்துக்குப் பிடித்தமானவன் நீ."

சிவப்பு பழையது. அதன் விளிம்பு முழுக்க வெட்டு.

வெளியே ஜெனோவாவின் கொழுந்தன் பிரின்ஸ் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கறுப்பக் காட்டுங்க. சாய்வு பூஜ்யம். யோசிக்கவே வேண்டாம்."

"நீ வாங்கிட்டு வந்ததுன்னு சொல்ற."

"பெங்களூர்ல கடைக்காரரே வீசிக் காட்டினாரு அண்ணி. கோடு போட்ட மாதிரி போச்சு."

"அவரு கை எப்படி?"

"தூண் மாதிரி."

"என் கை?"

பிரின்ஸ் கொஞ்சம் யோசித்தான். "பேங்க்ல ஸ்டாம்ப் குத்துற கை. அதுவும் பலம்தானே."

ஜெனோவா சிரித்துவிட்டுக் கறுப்பை எடுத்து வெட்டவெளியில் ஒருமுறை வீசிப் பார்த்தார். பாதித் தொலைவு நேராகப் போனது. பிறகு இடப்பக்கம் சரிந்து காப்பிச் செடிக்குள் புகுந்தது.

"காத்து," என்றான் பிரின்ஸ்.

ஓர் இலைகூட அசையவில்லை.

பைக்குத் திரும்பிய கறுப்பு கோபமாக இருந்தது. "என் வேகத்துக்கு இந்தக் கை போதாது."

"அப்படியானால் உன் பூஜ்யம் வேறு யாருடைய கையிலோ இருக்கிறது," என்றது சிவப்பு. "இங்கே நீதான் மூன்று."

"முகத்திலேயே மூன்று என்று எழுதி வைத்திருக்கிற நீ சொல்கிறாயா?"

"அது பிறந்த அன்று அச்சிட்டது."

நடுவரிடம் ஜெனோவா சிவப்பைக் காட்டினார். "அண்ணி, ஒரு வருஷம் உங்க பேச்சக் கேக்க மாட்டேன்," என்றான் பிரின்ஸ். "இதுக்கு முன்னாடி கேட்டியாக்கும்," என்றார் ஜெனோவா.

கடைசிக் கூடைக்கு வந்தபோது, முன்னணியில் இருந்த செங்கமலம் ஆட்டத்தை முடித்திருந்தார். ஜெனோவா மூன்று வீச்சில் முடித்தால் அணியில் இடம். தட்டு குளத்தில் விழுந்தால் ஒரு வீச்சு தண்டனை, அத்தோடு சரி.

"நான் இங்கேதான் இருக்கிறேன்," என்றது குளம். "எனக்கு அவசரமில்லை."

ஜெனோவா வீசினார். சிவப்பு இரண்டு வரிசைகளுக்கும் நடுவே போனது. வேகம் குறைந்தது. சாய வேண்டிய இடத்தில் சாயவில்லை. கூடைக்கு முன்னால் புல்லில் இறங்கியது. இன்னும் இரண்டு வீச்சு. இரண்டாவதில் தட்டு கூடைக்குள் போய்ச் சங்கிலி குலுங்கியது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றான் பிரின்ஸ்.

அணிப் பட்டியலில் ஜெனோவா பெயரை வாசித்தார்கள். பையின் மேல் கிடந்த சிவப்பு, மரங்களுக்குக் கேட்கும்படி சொன்னது: "பார்த்தீர்களா? நான் நேரானவன்."

பாதையோரத்து ஓக் மரம் ஒன்று கேட்டது: "முதல் வருடம் நீ வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வீச்சுக்கும் இடப்பக்கம்தான் திரும்பினாய்."

"அது அப்போது."

"உன் முகத்தில் எழுதியிருக்கிற அந்த மூன்றின் சாய்வை எடுத்தது யார்? எங்கள் மேல் மோதி மோதித்தான் அது போனது. இங்கே பார், பட்டையில் உன் சாயம்."

சிவப்பு பட்டையைப் பார்த்தது. "சரி. போனது போனதுதானே. இப்போது நேராகத்தானே இருக்கிறேன்?"

"இப்போது," என்றது மரம். "நாங்கள் இன்னும் இங்கேதான் நிற்கிறோம்."

கறுப்பு அதைக் கேட்டுச் சிரித்தது. பயிற்சிக்கு இனி கறுப்பு போதும் என்று ஜெனோவா அன்று மாலையே முடிவு செய்திருந்தார். மறுவாரம் அது முதல் மரத்தில் மோதியது. அடுத்த போட்டிகளுக்கெல்லாம் சிவப்பு போனது. மோதாமல் திரும்பிய போட்டி குறைவு.

அடுத்த ஆண்டு ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, அதே கடைசிக் கூடைக்கு வீசிய சிவப்பு, புறப்பட்டவுடனே வலப்பக்கம் திரும்பிப் பள்ளத்தில் விழுந்தது. தேடிக் கிடைக்கவில்லை. ஜூலைப் போட்டியில் நடுவரிடம் காட்டிய தட்டு கறுப்பு. அதன் முகத்தில் எண் எதுவும் தெரியவில்லை.